ஈரம் பட்ட நார்

நாற்றம் போகப்போகப் பழகிவிடும் என்று முதல் நாள் சொன்னவன் கூட வேலை பார்க்கிற பெத்தணன். அவன் வாயில் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டால் என்ன என்று வேலுத்தாய்க்கு இரண்டு வருசமாகத் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. எங்கே பழகியது?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கம்பெனி அது. ராஜபாளையத்துப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து தேங்காய் மட்டை லாரியில் வந்து இறங்கும். அதைச் சிமெண்டுத் தொட்டியில் மாசக்கணக்கில் ஊறப்போடுவார்கள். தண்ணீர் கறுத்து, மேலே பழுப்பு நுரை கட்டி, ஆயிரம் கூமுட்டையை உடைத்து ஊற்றினது மாதிரி நாறும். அதற்குள் இடுப்பளவு இறங்கி மட்டையை வாரி மேலே போட வேண்டும். மிஷின் அடித்துப் பிரித்த நாரைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் அலச வேண்டும். நாரின் பிசுக்குப் போனால்தான் பிளாஸ்டிக் அதைப் பிடிக்குமாம். நாரின் பிசுக்கோடு வேலுத்தாயின் விரல் தோலும் போய்விட்டது. நகம் மஞ்சள் பூத்துவிட்டது. சோற்றைக் கையால் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் தொட்டித் தண்ணீர்தான் முன்னால் வந்து நிற்கும். நாற்பத்து நாலு வயசில், சின்னப் பிள்ளை மாதிரி ஸ்பூனால் தின்னக் கற்றுக்கொண்டாள்.

தொட்டி ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் குவியல். உடைந்த வாளி, நாற்காலிக் கால், மயிர் ஒட்டின எண்ணெய்ப் பாட்டில், எவனோ பல் விளக்கித் தூக்கிப்போட்ட பிரஷ். எல்லாவற்றையும் பேருக்கு ஒரு முக்கு முக்கி, அரைத்து, மிஷினில் உருக்கி, அதற்குள் துண்டாக நறுக்கின நாரைக் கொட்டி, அச்சில் வைத்து அழுத்தினால் பலகை வரும். உருகும்போது வருகிற புகை தொண்டையில் இனிப்பாக இறங்கும். காறித் துப்பினால் கறுப்பாக விழும். "கான்கிரீட்டுக்குக் கம்பி மாதிரி பிளாஸ்டிக்குக்கு நாருக்கா. நாரு இல்லன்னா இது வெறும் வாளி. நாரு புடிச்சிச்சுன்னா மாட்டு வண்டி ஏறினாலும் தாங்கும்" என்று சூப்பர்வைசர் பாலகுரு பெருமையாகச் சொல்வான். டிப்ளமோ படித்த பையன். அவனுக்கு மட்டும் அந்தப் பலகை மேல் உண்மையிலேயே ஓர் ஆசை உண்டு.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுப் பொம்பளை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவாள். போகட்டும் என்று வேலுத்தாய் காலை நீட்டி உட்காருவாள்.

இவ்வளவு அருவருப்பையும் சகித்துக்கொண்டு அவள் அங்கே கிடந்ததற்கு ஒரே காரணம்: இது நாறுமே தவிர வெடிக்காது.

அதற்கு முன் பன்னிரண்டு வருசம் அவள் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள். அடுத்த ரூமில் இருந்த அய்யம்மாள் ஒரு சித்திரை மாசத்துப் பதினோரு மணி வெயிலில் போனாள். அவளைப் பாயில் சுருட்டித்தான் எடுத்தார்கள். வேலுத்தாய் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கக் குடத்தடிக்கு வந்திருந்ததால் தப்பினாள். அதிலிருந்து அவளுக்குத் தண்ணீர்தான் குலதெய்வம். பட்டாசு ரூமில் முதல் பாடமும் அதுதானே. தரை நனைந்திருக்க வேண்டும், வாசலில் ஈரச்சாக்கு தொங்க வேண்டும், உள்ளே நுழையுமுன் காலை நனைக்க வேண்டும். காய்ந்தது எமன், ஈரம் தாய். பன்னிரண்டு வருசம் உடம்பில் ஊறின பாடம் கம்பெனி மாறினதும் இறங்கிப் போய்விடுமா?

நார்க் கம்பெனியில் பாடம் தலைகீழ். அலசின நாரை வெயிலில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்குகிற அளவுக்குக் காயவைத்துத்தான் மிஷினுக்கு அனுப்ப வேண்டும். பாலகுரு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். வேலுத்தாயும் காயத்தான் வைத்தாள். ஆனால் அந்தச் சித்திரை, இரண்டாயிரத்து நாலாவது வருசத்துச் சித்திரை, வெயில் வெயிலாகவா அடித்தது? காய்ந்த நாரைச் சாக்கில் திணிக்கும்போது மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. தூசி பறந்து வெயிலில் மினுங்கியது. பத்தடி தள்ளி மிஷினின் சூட்டுக் கம்பி செக்கச்செவேலென்று கிடந்தது. அய்யம்மாளின் பாய் கண்ணில் வந்தது. கை தானாகக் குடத்துக்குள் போனது. ஒரு சிறங்கை தண்ணீரை, வாசல் தெளிக்கிற மாதிரி, சாக்குக்குள் விசிறினாள். மொறுமொறுப்பு அடங்கியது. நெஞ்சும் அடங்கியது.

ஒரு சாக்குக்கு ஒரு சிறங்கை. சனிக்கிழமை ஆரம்பித்து, ஞாயிறு லீவு போக, எட்டு நாள். அவள் அதை மறைத்துச் செய்யவில்லை. அது ஒரு வேலை என்றே அவளுக்குத் தோன்றாததால் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் பாலகுரு, ஓர் ஆர்டருக்குப் பலகையாக ஊற்றின தொட்டி மூடிகளைத் தூக்கி வைத்தவன், ஒன்றை மறுபடி தூக்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது. ஒரு மூலையை ரம்பத்தால் அறுத்தான். மேலே வழவழவென்று கறுப்புத் தோல். உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டை. ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருந்த நாரைப் பிடித்து இழுத்தான். காய்ச்சலில் கிடந்தவள் தலைமயிர் மாதிரி கையோடு வந்தது.

"ஈரம்" என்றான் பாலகுரு. "எங்கயோ ஈரம் பட்டிருக்கு. சூட்டுல அம்புட்டும் ஆவியாகி உள்ளுக்குள்ளயே கொப்புளம் போட்டிருக்கு. நாரப் பிளாஸ்டிக் புடிக்கவே இல்ல."

வேலுத்தாய் கையிலிருந்த சாக்கு நழுவியது. குடம் பக்கத்திலேயே இருந்தது. அதைக் காலால் மெல்ல ஒதுக்கினாள். அப்படி ஒதுக்கின காலை அவளே பார்த்தாள். சீ என்று இருந்தது.

முதலாளி முத்துக்கிருஷ்ணன் கார் வந்து நின்றது. பிரிண்டிங் தொழிலிலிருந்து இதற்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, சென்ட் போட்ட கைக்குட்டை. கம்பெனிக்குள் பத்து நிமிசத்துக்கு மேல் நிற்க மாட்டார். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே ஒரு மனுசன் முதலாளியாக இருக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்க்க வேண்டும்.

"எத்தன இப்பிடி?" என்றார்.

"இந்த ஆர்டர் பூராவும் சார். பன்னெண்டு மூடி."

"மேல நல்லாத்தானய்யா இருக்கு?"

"மேல பிளாஸ்டிக்கு தோலா மூடிக்கிருது சார். உள்ள ஒண்ணுமில்ல. எடையே அஞ்சு கிலோ கொறையுது."

"கொறையுதா?" முதலாளி கைக்குட்டைக்குள்ளிருந்து சிரித்தது போல இருந்தது. "அப்ப நல்லதுதான? சரக்கு மிச்சம். ஏலே பெத்தணா, இங்கன வா. ரெண்டு செங்கல்ல வச்சு இத மேல போடு. ஏறி நில்லுலே."

பெத்தணன் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். ஐம்பது வயசு, நாற்பது கிலோ. மூடியின் மேல் ஏறி நின்றான். மூடி முனகியது, உடையவில்லை.

"பாத்தியா?" என்றார் முதலாளி.

"நான் ஏறி நின்னா அப்பளமே உடையாதே மொதலாளி" என்றான் பெத்தணன்.

யாரோ சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். "வெள்ளிக்கெளம தெறப்பு விழா. மறுபடி நாரு காயவச்சு ஊத்த நேரமில்ல. அனுப்பிருங்க. மேல நல்லாத் தொடச்சு அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிசம் ஆவதற்குள் காரில் ஏறிவிட்டார்.

பாலகுரு அறுத்த மூலையில் கறுப்புப் பசையை வைத்துப் பூசினான். பூசுகிறபோது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து ஒவ்வொரு மூடியின் முதுகிலும் எழுதினான். வேலுத்தாய் எழுத்துப் படித்தது அறிவொளி வகுப்பில், பிள்ளை பெற்ற பிறகு. இன்றைக்கும் உதடு அசையாமல் படிக்க வராது. உதட்டை அசைத்தாள். வெ. ள். ளை. வெள்ளைப்பொட்டல். பெண்கள் கழிப்பிடம்.

வெள்ளைப்பொட்டல் அவள் ஊர்.



ஊருக்கு வடக்கே ஓடையோரம் அந்தக் கட்டடம் ஆறு மாசமாக எழும்பிக்கொண்டிருந்தது. வரிசையாகப் பத்துக் கக்கூஸ், துணி துவைக்கக் கல், குழாய். பின்னால் எட்டடி ஆழத்துக்குக் கழிவுத் தொட்டி. குழாயடிக்குப் போக வேண்டுமென்றால் அந்தத் தொட்டியின் மேல்தான் நடக்க வேண்டும். அதை மூடத்தான் பன்னிரண்டு மூடி. அந்தக் கட்டடத்துக்காக ஊரில் எல்லாப் பொம்பளைகளையும் விட அதிகமாகக் காத்துக் கிடந்தவள் வேலுத்தாயின் மகள் இசைவாணி. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு மாசம் முடிந்துவிட்டது.

பாலகுரு கை கழுவுகிற இடத்தில் வேலுத்தாய் போய் நின்றாள்.

"தம்பி, நாந்தான் தெளிச்சேன்."

"என்னத்த?"

"தண்ணி. நாருல. காஞ்சு மொறுமொறுன்னு கெடந்துச்சா, பயமா இருந்துச்சு. சாக்குக்கு ஒரு சிறங்க."

பாலகுரு சோப்பு நுரையோடு திரும்பினான். "ஏன்க்கா, ஒங்களுக்குக் கிறுக்கா? எத்தன தடவ சொன்னேன்?"

"தப்புத்தான். என்னய என்ன வேணாச் சொல்லுங்க. அந்த மூடி மட்டும் போக வேணாம். அங்கன நடக்கப்போறது எம்மகதான் தம்பி. நெறமாசக்காரி."

"நான் சொல்லிப் பாத்தேன்ல? கேட்டாரா? இப்ப நீங்கதான் தெளிச்சீகன்னு தெரிஞ்சா, அம்புட்டுப் பழியும் ஒங்க தலையிலதான் விளும். நட்டத்த நீங்க கட்டுவீகளா? பேசாம இருங்க. எனக்கும் இந்த வேல வேணும்." குரலைத் தாழ்த்தினான். "ஒங்க மகள கொஞ்ச நாளு அந்தப் பக்கம் போகாமப் பாத்துக்கோங்க."

"மத்தவுக மக?"

பாலகுரு கையைத் துடைத்துக்கொண்டே போனான். படித்த பிள்ளை, நல்ல பிள்ளை. அந்த நல்ல பிள்ளையின் முதுகைப் பார்த்துத் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பினால் தன் முகத்திலும் பாதி விழும் என்பதும் தெரிந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும், இசைவாணி வாசலில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் மூக்கைச் சுளித்தாள். சுளித்ததை மறைக்கச் சிரித்தாள்.

"கம்பெனித் தண்ணியப் பூரா மேலுல ஊத்திக்கிட்டு வந்தியாக்கும்."

"குளிச்சிட்டு வாரேன்."

"குளிச்சு என்னத்துக்கு? அதான் எலும்புல ஏறிருச்சே." பிறகு குரல் இளகியது. "எம்மா, வெள்ளிக்கெளம தெறக்காகளாம். சோலையம்மா அத்த வந்து சொல்லிட்டுப் போனாக. நாந்தான் மொதக் காலு வைக்கணுமாம். நெறமாசக்காரி நெறகொடத்தோட நடந்தா ஊருக்கு நல்லதாம். போட்டோ எடுப்பாக."

வேலுத்தாய்க்குக் காதுக்குள் ஊளையிட்டது. "நீ எதுக்கு? வேற ஆளா இல்ல?"

"ஏன், நான் போனா என்ன? அந்தக் கருவக்காட்டுக்குள்ள வயித்தத் தூக்கிக்கிட்டு உக்கார முடியுதா எந்திரிக்க முடியுதா? நேத்து உக்காந்திருக்கயில ஒருத்தன் பைக்க நிறுத்தி லைட்ட அடிக்கான். அணைக்கவே மாட்டேங்கான். நான் அப்பிடியே சேலைய மூஞ்சில போட்டுக்கிட்டு இருந்தேன். வெக்கமே இல்லாம சிரிக்கான்மா." அவள் கண் கலங்கிவிட்டது. "அது தெறந்தா நான் தேங்கா ஒடைக்கேன்னு வேண்டியிருக்கேன், தெரியுமா?"

கக்கூசுக்குத் தேங்காய் உடைக்க வேண்டியிருக்கிற பொழைப்பு. வேலுத்தாய் வாயைத் திறந்தாள். நான் தண்ணி தெளிச்சேன் என்று சொல்லத்தான் திறந்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டு மூடிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி கார் வந்தபோது காரின் கதவடிக்கே போய்விட்டாள். "மொதலாளி, அந்த மூடிகள மறுபடி ஊத்திருங்க. கூலி வேணாம், நான் ராப்பகலா நாரு காயவைக்கேன்" என்றாள். அவர் கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "தள்ளி நின்னு பேசு" என்றார். தள்ளி நின்றாள். கண்ணாடி ஏறிவிட்டது.

வியாழக்கிழமை மூடிகள் லோடு ஆட்டோவில் போயின.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கட்டடத்துக்கு முன்னால் மாவிலைத் தோரணம், ஸ்பீக்கர், லட்டுத் தட்டு. சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நல்ல மனுசன் போல, வெயிலில் வேர்த்துக்கொண்டு நின்றார். முத்துக்கிருஷ்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கைக்குட்டை பையில் இருந்தது.

"தேங்கா மட்டைய நாம அடுப்புல வைக்கோம். பிளாஸ்டிக்க ரோட்டுல போடுதோம். ரெண்டையும் சேத்தா இரும்பு மாதிரிப் பலகை. மரத்த வெட்ட வேணாம். நம்ம மண்ணுல, நம்ம சனம் செஞ்ச சரக்கு..."

கூட்டத்துக்குப் பின்னால் பெத்தணன் கடப்பாரையோடு நின்றான். மூடிகளை நெம்பிச் சமன்படுத்த அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். பக்கத்தில் பாலகுரு, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு. பன்னிரண்டு மூடிகளும் வரிசையாக, எண்ணெய் போட்டுத் துடைத்து, பாம்பு மாதிரி மின்னின. பூ தூவியிருந்தார்கள். தொட்டி புதுசுதான், ஆனால் புதுசாக இல்லை. கட்டடம் கட்டின கொத்தனார், சித்தாள் எல்லோரும் நாலு மாசமாக அதைத்தான் புழங்கியிருந்தார்கள். மூடி இடுக்கு வழியாக லேசாக ஒரு வீச்சம் வந்தது. அதைப் பூவும் ஊதுபத்தியும் மறைத்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மகளிர் குழுத் தலைவி சோலையம்மாள், இசைவாணியின் இடுப்பில் தண்ணீர்க் குடத்தை ஏற்றி வைத்தாள். "வலது காலத்தா, வலது கால எடுத்து வய்யி." போட்டோக்காரன் குனிந்தான்.

எட்டு மாச வயிறு. அதன் மேல் சாய்ந்த நிறைகுடம். காலடியில் ஆப்பம்.

"நில்லு வாணி!"

வேலுத்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். மகளின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். குடம் சரிந்து தண்ணீர் இருவர் மேலும் கொட்டியது.

"எம்மா! ஒனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு?"

"ஏட்டி வேலுத்தாயி, நல்ல நாளும் அதுவுமா!" என்று சோலையம்மாள் கத்தினாள்.

வேலுத்தாய் முதலாளியைப் பார்த்துத் திரும்பினாள்.

"மொதலாளி, நீங்க மொதல்ல நடங்க."

ஸ்பீக்கர் மட்டும் கரகரத்தது. முத்துக்கிருஷ்ணன் சிரித்தார். "என்னம்மா இது? பொம்பளைக பொளங்குற எடம். ஆம்பள காலு வைக்கலாமா?"

"ரிப்பன் வெட்ட வந்திருக்கவுகளும் ஆம்பளைதான். நீங்க செஞ்ச சரக்குதான? இரும்பு மாதிரின்னீகளே. நடங்க. இந்தக் கடைசிலருந்து அந்தக் கடைசி வரைக்கும்."

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நடந்துதான் காட்டுங்களேன், இதில் என்ன?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

முத்துக்கிருஷ்ணன் முதல் மூடியின் பக்கத்தில் வந்தார். தொண்ணூறு கிலோ இருப்பார். வலது செருப்பின் நுனியை மூடியின் மேல் வைத்தார். எடையை இறக்கவில்லை. ஒரு நிமிசம் அப்படியே நின்றார். பிறகு காலை எடுத்துக்கொண்டார்.

"பூவு தூவியிருக்கு. மிதிக்கக் கூடாது" என்றார்.

ஊரே அந்தக் காலைப் பார்த்தது.

"பாலகுரு, நீ நடந்து காட்டு."

பாலகுரு நிமிரவே இல்லை. அவன் செருப்பு தரையில் வேர் விட்டது போல நின்றது.

"நான் வேணா நடக்கேன் மொதலாளி" என்றான் பெத்தணன். "எனக்குத்தான் எடையே கெடையாதே." யாரும் சிரிக்கவில்லை. அவன் நடக்கவும் இல்லை. வேலுத்தாயின் பக்கம் வந்து, கையிலிருந்த கடப்பாரையை அவளிடம் நீட்டினான்.

வேலுத்தாய் அதை இரண்டு கையாலும் தூக்கினாள். ஓங்கவில்லை, குத்தவில்லை. இடுப்பளவு உயர்த்திக் கையை விட்டாள். அவ்வளவுதான். கடப்பாரை மூடிக்குள் ஊசி மாதிரி இறங்கி, மூடியையும் பாதியாகப் பிளந்துகொண்டு உள்ளே போனது. கீழே 'களக்' என்று ஒரு சத்தம். பூ, எண்ணெய், கறுப்புத் தோல் எல்லாம் அதன் பின்னாலேயே போயின.

பிறகு நாற்றம் எழுந்தது. நாலு மாசத்து நாற்றம். லட்டுத் தட்டு வைத்திருந்த பிள்ளைகள் ஓடின. அதிகாரி கைக்குட்டையைத் தேடினார். முத்துக்கிருஷ்ணன் கையும் தானாகப் பைக்குப் போனது. அந்தக் கூட்டத்தில் மூக்கைப் பொத்தாமல் நின்றது வேலுத்தாய் ஒருத்திதான்.

"இது எப்படி?" என்றார் அதிகாரி, துணிக்குள்ளிருந்து.

"நாந்தான் சார்" என்றாள் வேலுத்தாய். "நாருல ஈரம் இருக்கக் கூடாது. நான் தண்ணி தெளிச்சேன். பட்டாசு ரூம்புல இருந்த பளக்கம், காஞ்சதக் கண்டா எனக்கு ஒதறும். எட்டு நாளு தெளிச்சேன். அதுல கெட்டுப் போச்சு."

முத்துக்கிருஷ்ணன் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா சார்? அவளே ஒத்துக்கிட்டா! எஞ் சரக்குல குத்தமில்ல. வேணும்னே கெடுத்திருக்கா. இவ மேல நான் கேசு போடப் போறேன்."

"போடுங்க. கெடுத்தது நான். கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சு, மேல தொடச்சு அனுப்பச் சொன்னது யாரு? அதையும் அந்தக் கேசுல சேத்து எளுதுங்க." அவள் பாலகுருவைப் பார்த்தாள். "என்ன தம்பி?"

"செவ்வாக்கெளமையே அறுத்துக் காட்டினேன் சார்" என்றான் பாலகுரு, அதிகாரியிடமா முதலாளியிடமா என்று தெரியாத மாதிரி. சொல்லிவிட்டு, இனி நிற்க முடியாது என்பது போலக் கருவேலங்காட்டுப் பக்கம் நடந்தான்.

அதிகாரி ஒரு மூடியும் மிச்சம் வைக்காமல் எடுக்கச் சொன்னார். சிமெண்டு மூடி வரட்டும், சோதித்துப் பார்க்கட்டும், அதன் பிறகு தேதி சொல்கிறேன் என்றார். கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். முத்துக்கிருஷ்ணன் காரில் ஏறுமுன் வேலுத்தாயிடம் வந்து, "நாளையிலருந்து கம்பெனி வாசல்ல ஒங் காலு படக் கூடாது" என்றார். மறுபடியும் கைக்குட்டை மூக்குக்குப் போயிருந்தது.

ஊர் அவளைத் தோளில் தூக்கியா ஆடியது? சோலையம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"முன்னாலேயே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா? வந்த அதிகாரி முன்னால ஊரு மானத்தப் பிய் நாத்தமா ஆக்கிட்டியேடி. இனி எப்பத் தெறப்பாக? ஆடியிலயா, ஐப்பசியிலயா?"

"இவ தெளிச்ச தண்ணி, நாம காட்டுக்குப் போறோம்" என்றாள் இன்னொருத்தி.

அவர்கள் சொன்னது பொய் இல்லை. உயிர் போயிருக்கும் என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, பூட்டு மட்டும் தெரிந்தது. உடைந்து சிதறினதில் கையளவு துண்டு ஒன்று காலடியில் கிடந்தது. வேலுத்தாய் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

இசைவாணி அன்று முழுக்கப் பேசவில்லை. சோற்றைப் போட்டால் தின்றாள், கழுவினாள், சுவரைப் பார்த்துப் படுத்தாள். பொழுது இறங்குகிற நேரத்தில் எழுந்து, செம்பில் தண்ணீர் மொண்டாள்.

"நானும் வாரேன்" என்றாள் வேலுத்தாய்.

இருவரும் பூட்டின கட்டடத்தைத் தாண்டித்தான் போனார்கள். தோரணம் இன்னும் தொங்கியது. திறந்து கிடந்த தொட்டியைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் வந்ததும் இசைவாணியின் நடை தளர்ந்தது. முள்ளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எட்டடி ஆழத்தில் கறுப்பாக ஏதோ மினுங்கியது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்குள்ளயா?" என்றாள் மெதுவாக.

"ம்."



கருவேலம் புதருக்குப் பின்னால் இசைவாணி ஒதுங்கினதும், வேலுத்தாய் ரோட்டைப் பார்த்துக் காலை அகட்டி நின்றுகொண்டாள். கொசு மொய்த்தது. காட்டு நாற்றத்தில் தன் நாற்றம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. மடியிலிருந்த துண்டை எடுத்து நிமிண்டினாள். நார் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. பிடிமானமே இல்லை. அத்தனை அழுகலில் இறங்கி, அத்தனை தோலுரிந்து, கடைசியில் இதையா செய்தோம் என்று இருந்தது.

"இருக்கியாம்மா?" புதருக்குள்ளிருந்து குரல் வந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அம்மா என்று கூப்பிட்டாள்.

"இருக்கேன்."

ரோட்டில் ஒரு பைக் வேகம் குறைந்தது. நின்றது. லைட் திரும்பிப் புதரின் மேல் விழுந்தது. எவனோ சிரிப்பதும் கேட்டது.

வேலுத்தாய் வெளிச்சத்துக்குக் குறுக்கே வந்து, கையிலிருந்த துண்டை ஓங்கி எறிந்தாள். அது காகிதம் மாதிரி மிதந்து பாதி வழியிலேயே விழுந்தது. அந்த மூடித் துண்டுக்கு எறிகிற எடைகூட இல்லை. த்தூ என்று துப்பிவிட்டுக் குனிந்து தரையைத் தடவினாள். ஒரு நல்ல கல் கைக்கு அகப்பட்டது.

கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. வெளிச்சம் போனது. பைக் தடுமாறி, கெட்ட வார்த்தையைக் கொட்டிக்கொண்டே ஓடியது.

"எம்மா, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லத்தா. நீ பதறாம இரு."

"இருக்கியா?"

"இருக்கேன். இங்கனதான் நிக்கேன்."